பதினாறில் கர்ப்பம்: வயது செய்வது எது, சூழல் செய்வது எது?

வாசகர் கேள்வி, 4 பிப்ரவரி

என் பாட்டி பதினாறில் முதல் பிள்ளை பெற்றார். அடுத்தடுத்துப் பெற்று எல்லாரையும் வளர்த்து ஆளாக்கினார். இளம் உடம்பு சீக்கிரம் தேறும், பிரசவம் சுலபம் என்று கேட்டுத்தான் வளர்ந்தேன். இப்போது பதின்வயதுக் கர்ப்பம் என்றாலே ஆபத்து என்கிறார்கள். ஆபத்து வயதிலா, வறுமையிலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4 பிப்ரவரி, இரவு

பிரசவ வார்டில் செவிலியராகப் பல வருடம் இருந்தவள் நான். அந்த அனுபவத்தையும் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

உங்கள் பாட்டி பிழைத்ததால் அவர் கதை உங்கள் வரைக்கும் வந்தது. அதே வயதில் பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவர்களின் கதையைச் சொல்லப் பேரப்பிள்ளைகள் கிடையாது. குடும்பக் கதைகளை வைத்து இந்தக் கேள்விக்கு விடை தேட முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இன்னொன்று. பதின்வயது என்று மொத்தமாகப் பேசுவதே குழப்பத்தின் வேர். பதிமூன்றும் பத்தொன்பதும் ஒரே உடம்பு இல்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணின் கர்ப்பம் இருபத்திரண்டு வயதுக்காரியின் கர்ப்பத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். பதினான்கு வயதுக் கர்ப்பம் அப்படி இல்லை, அது வேறு கணக்கு. இனி எழுதுவதில் இரண்டையும் பிரித்துத்தான் பேசுவேன்.

5 பிப்ரவரி, காலை

எண்கள் கேட்டிருந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 29 நாடுகளின் மருத்துவமனைகளில் எடுத்த கணக்கெடுப்பு ஒன்று 2014இல் வெளியானது. 24 வயதுக்கு உட்பட்ட 1,24,446 தாய்மார்களைப் பார்த்தார்கள். 20 முதல் 24 வயதுப் பெண்களோடு ஒப்பிட்டால், 19 வயது வரையிலான தாய்மார்களுக்கு மூன்று விஷயங்கள் கூடுதல்: பிரஷர் ஏறி வலிப்பு வருவது, பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பையில் கிருமித்தொற்று, உடம்பு முழுக்கப் பரவும் தொற்று. குழந்தைகளுக்கும் மூன்று: எடை 2,500 கிராமுக்குக் குறைவது, 37 வாரம் முடியுமுன் பிறப்பது, பிறந்த சில நாட்களில் நிலைமை மோசமாவது.

மரணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதின்வயதுத் தாய் இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு என்று மேடைகளில் நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். 144 நாடுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வில் வித்தியாசம் அவ்வளவு இல்லை. 15 முதல் 19 வயதில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 260 மரணம், 20 முதல் 24இல் 190. வித்தியாசம் உண்டு, சிறிதும் இல்லை, ஆனால் இரண்டு மடங்கு இல்லை. பயமுறுத்துவதற்காக எண்ணைப் பெருக்கினால் அந்தப் பெண்கள் நாளை நம்மை நம்பமாட்டார்கள்.

5 பிப்ரவரி, மாலை

“அப்படியென்றால் பயப்பட ஒன்றுமில்லை” என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி நான் சொல்லவில்லை. 15 முதல் 19 என்ற கூட்டில் பெரும்பான்மை 18, 19 வயதுக்காரர்கள். அவர்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் பதினைந்து வயதுக்காரியின் ஆபத்து கண்ணில் படாமல் போய்விடும்.

லத்தீன் அமெரிக்காவில் 25 வயதுக்கு உட்பட்ட 8,54,377 பெண்களின் பதிவுகளைப் பார்த்து 2005இல் ஓர் ஆய்வு வந்தது. வயதை உடைத்துப் பார்த்தார்கள். 15 வயதும் அதற்குக் கீழும் இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு 20 முதல் 24 வயதினரைவிட நான்கு மடங்கு. மற்றக் காரணங்களைக் கழித்த பிறகும் அவ்வளவு. ரத்தசோகையும், பிறந்த முதல் வாரத்தில் குழந்தை இறப்பதும் அவர்களிடம்தான் அதிகம்.

7 பிப்ரவரி

வயது உடம்பில் என்ன செய்கிறது என்று கேட்டவருக்கு. இது எனக்குப் பிடித்த பகுதி, நீளும்.

வயதுக்கு வந்துவிட்டால் உடம்பு தயார் என்று நினைக்கிறோம். மாதவிலக்கு தொடங்குவது கருத்தரிக்க முடியும் என்பதற்கு மட்டும்தான் அடையாளம். உயரம் கூடுவது ஓரளவு நின்ற பிறகும் இடுப்பெலும்பு மெதுவாக விரிந்துகொண்டே இருக்கும். குழந்தை இறங்கி வரும் வழி முழு அளவை எட்டுவது பதின்வயதின் கடைசியில்தான். அதனால்தான் மருத்துவர்கள் பிறந்த தேதியோடு முதல் மாதவிலக்கு எப்போது வந்தது என்றும் கேட்கிறார்கள். அது வந்து இரண்டு வருடம்கூட ஆகாத நிலையில் கருத்தரித்தால் உடம்பு இன்னும் பக்குவப்படவில்லை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்பதில் வயதுக்கு வந்தவளும் பதினான்கில் வந்தவளும் பதினைந்தில் ஒரே நிலையில் இல்லை.

அடுத்து வளர்ச்சி. கர்ப்பமானதும் பெண் வளர்வது நின்றுவிடும் என்றே வெகுகாலம் நம்பினார்கள். உயரத்தை அளந்தால் கூடவில்லை, சில சமயம் குறைந்தே தெரியும். வயிற்றின் பாரத்தில் முதுகு வளைவதும் முதுகெலும்பு அமுங்குவதும் உயரத்தை மறைத்துவிடுகின்றன. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் தெரேசா ஷோல் குழுவினர் வேறு வழி கண்டுபிடித்தார்கள். முழங்காலிலிருந்து குதிகால் வரைக்குமான நீளத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். முதுகு வளைந்தாலும் காலின் நீளம் ஏமாற்றாது. பதின்வயதுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் கர்ப்பத்தின்போதும் வளர்ந்துகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

1994இல் அவர்கள் வெளியிட்ட முடிவு என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. வளர்ந்துகொண்டிருந்த பெண்கள் நன்றாகவே எடை கூடினார்கள், உடம்பில் கொழுப்பும் சேர்ந்தது. இருந்தும் அவர்களுடைய குழந்தைகள் சராசரியாக 155 கிராம் குறைவாகப் பிறந்தன. சத்து போதாமல் இல்லை. வந்த சத்தைத் தாயின் உடம்பே எடுத்து வைத்துக்கொண்டது.

ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரின் ரோவெட் ஆய்வு நிறுவனத்தில் ஜாக்குலின் வாலஸ் என்பவர் இளம் செம்மறி ஆடுகளிடம் இதையே சோதித்தார். சினையான குட்டி ஆடுகளுக்குத் தீவனத்தை அள்ளிக் கொடுத்தால் ஆடு கொழுத்து வளரும், நஞ்சுக்கொடி சிறுத்துவிடும், குட்டியும் சிறிதாகவே பிறக்கும். “நன்றாகச் சாப்பிட வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். சாப்பாடு அவசியம். இன்னும் வளர்கிற உடம்பில் அது மட்டும் போதாது.

8 பிப்ரவரி

“இதெல்லாம் வறுமையின் விளைவு, வயதின் தலையில் கட்டாதீர்கள்” என்று கோபமாக எழுதியவருக்கு. உங்கள் கோபம் நியாயம். பதின்வயதில் தாயாகிறவர்களில் அதிகம் பேர் ஏழைகள், படிப்பு நின்றவர்கள், மருத்துவரிடம் தாமதமாக வருகிறவர்கள். இரண்டையும் பிரிப்பது கடினம். பிரித்துப் பார்க்க முயன்ற இரண்டு ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், 1995இல் வெளியானது. 13 முதல் 24 வயதுக்குள் முதல் குழந்தை பெற்ற 1,34,088 வெள்ளையினப் பெண்கள். அதில் திருமணமானவர்கள், வயதுக்கேற்ற படிப்பு உள்ளவர்கள், கர்ப்பகாலப் பரிசோதனைகளைச் சரியாகச் செய்துகொண்டவர்கள் ஆகியோரை மட்டும் தனியே எடுத்தார்கள். வறுமை, தனிமை, கவனிப்பின்மை என்ற விளக்கங்கள் அவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அப்படியும் 13 முதல் 17 வயதுத் தாய்மார்களுக்குக் குறைமாதப் பிரசவம் 1.9 மடங்கு, எடை குறைந்த குழந்தை 1.7 மடங்கு.

மற்றொன்று ஸ்காட்லாந்தில், 2001இல். அங்கே 15 முதல் 19 வயதில் முதல் குழந்தை பெற்றவர்களையும் இருபதுகளில் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். புகைபிடித்தல், வறுமை போன்றவற்றைக் கணக்கில் எடுத்தபின் முதல் பிரசவத்தில் கூடுதல் ஆபத்து எதுவும் தெரியவில்லை.

ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியும். நான் புரிந்துகொள்வது இப்படி. ஸ்காட்லாந்துக் கூட்டத்தில் 18, 19 வயதினரின் பங்கு பெரிது, யூட்டாவில் 17 வயது வரை உள்ளவர்களைத் தனியாகப் பார்த்தார்கள். பதினேழுக்குக் கீழே போகப்போக உடம்பின் பங்கு கூடுகிறது, மேலே வரவரச் சூழலின் பங்கு கூடுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே தவறான கேள்வி.

11 பிப்ரவரி

சூழல் என்று சொன்னதைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்ட வேண்டும்.

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. எட்டு மாதம். வந்த காரணம் தலைவலி. இரண்டு நாளாக இருந்திருக்கிறது. மோதிரம் விரலில் இறுகி, சுற்றிச் சதை பொங்கியிருந்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டேன். “ஆமாம், அது எப்படி உங்களுக்குத் தெரியும்?” என்றாள். பிரஷர் 170க்கு 110. சிறுநீரில் புரதம் கொட்டியது. அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பரிசோதனைக்கு வந்திருந்தாள். ஏன் மறுபடி வரவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இன்னும் என்னை உறுத்துகிறது. முதல் தடவை வந்தபோது அங்கே பெயர் எழுதியவர் எல்லார் முன்னாலும் சத்தமாக வயதைக் கேட்டுவிட்டு, “இந்த வயசுல இது தேவையா” என்றாராம். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. இடைப்பட்ட மாதங்களில் யாராவது ஒருவர் அந்தக் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றியிருந்தால் இந்த நிலைக்கு வந்திருக்காது.

மக்னீசியம் சல்பேட் ஏற்றினோம், பிரஷரை இறக்கினோம், அன்றே பிரசவம் பார்த்தார்கள். இருவரும் பிழைத்தார்கள். அந்த மருந்து 2002இல் 33 நாடுகளில் ஏறத்தாழப் பத்தாயிரம் பெண்களிடம் சோதித்து உறுதிசெய்யப்பட்டது. வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது. விலை மலிவு, பழைய மருந்து. ஆனால் அவள் வாசல்படி ஏறி வந்தால்தான் அது வேலை செய்யும்.

முதல் கர்ப்பம் எந்த வயதில் வந்தாலும் இந்தப் பிரஷர் நோய் வர வாய்ப்பு கூடுதல். பதின்வயதினரில் பெரும்பாலோருக்கு அது முதல் கர்ப்பம். அதோடு தாமதமும் சேர்ந்துகொள்கிறது. வயிற்றை மறைப்பதிலேயே நான்கைந்து மாதம் போய்விடுகிறது. அதற்குள் ஃபோலிக் அமிலம் வேலை செய்ய வேண்டிய காலம் முடிந்திருக்கும், ரத்தசோகை ஆழமாகியிருக்கும்.

11 பிப்ரவரி, இரவு

சிசேரியன் பற்றி: பதின்வயது என்றாலே அறுவை சிகிச்சைதான் என்பது உண்மையில்லை. மேலே சொன்ன ஸ்காட்லாந்து ஆய்வில் முதல் பிரசவத்தில் அவசர சிசேரியன் இளையவர்களுக்கு ஏறக்குறையப் பாதிதான். பதினெட்டு வயதுக் கர்ப்பப்பை நன்றாகச் சுருங்கி வேலை செய்யும். உங்கள் பாட்டி சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

14 பிப்ரவரி

பதினைந்துக்குக் கீழே உள்ளவர்களைப் பற்றித் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். எழுத மனம் வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டியதுதான்.

வழி போதாத இடுப்பில் குழந்தையின் தலை சிக்கினால், பக்கத்தில் அறுவை சிகிச்சைக்கு வசதி இல்லாவிட்டால், வலி நாள்கணக்கில் நீளும். தலை அழுத்துகிற இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் உள்ள சதை செத்து விழும். அங்கே ஓட்டை விழுந்தபிறகு சிறுநீர் நிற்காமல் கசியும். பெரும்பாலும் குழந்தையும் இறந்தே பிறக்கும். ஃபிஸ்டுலா என்பது இதுதான். கேத்தரின் ஹாம்லின், ரெஜினால்ட் ஹாம்லின் என்ற மருத்துவத் தம்பதி இதற்கென்றே 1974இல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் ஒரு மருத்துவமனை கட்டினார்கள். நேரத்துக்கு ஒரு சிசேரியன் கிடைக்கிற இடங்களில் இந்த நோயையே அனேகமாகப் பார்க்க முடியாது.

அப்புறம், பதிமூன்று, பதினான்கு வயதில் ஒரு பெண் கர்ப்பமாக வந்தால் மருத்துவக் கேள்விகளோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அவளுக்கு இது எப்படி நேர்ந்தது? கூட வந்தவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு அவளிடம் தனியாகப் பேச வேண்டும். கூட வந்திருப்பவரே காரணமாக இருக்கலாம். அந்தச் சில நிமிடத் தனிமையை அவளுக்குக் கொடுக்காமல் செய்யும் எந்தப் பரிசோதனையும் முழுமையில்லை.

15 பிப்ரவரி

பிறவிக் குறைகள் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. டவுன் சிண்ட்ரோம் தாயின் வயது ஏற ஏறக் கூடுவது, இளவயதில் மிகக் குறைவு. ஆனால் வயிற்றுச் சுவரில் துளை விழுந்து குடல் வெளியே வந்துவிடும் ஒரு குறை, கேஸ்ட்ரோஸ்கைசிஸ் என்பது, இருபதுக்குக் கீழுள்ள தாய்மார்களின் குழந்தைகளிடம்தான் அதிகம். ஸ்கேனில் தெரியும். அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்தில் பிறந்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்கின்றன. நேரத்துக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

19 பிப்ரவரி

இவ்வளவும் எழுதியபின் திரும்பப் படித்தேன். இந்தப் பெண்கள் வெறும் ஆபத்துப் பட்டியலாகத் தெரிகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

குறைமாதக் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு ஒட்டிக் கட்டி வைப்பதைக் கங்காரு பராமரிப்பு என்கிறோம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் தொடங்கியது. பிறந்தவுடனே இதைத் தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் மரணம் கால்பங்கு குறைகிறது என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்குப் பொறுமை வேண்டும், மணிக்கணக்கில் அசையாமல் சாய்ந்திருக்க வேண்டும்.

நான் பார்த்ததில் இதைச் சளைக்காமல் செய்தவர்களில் பதின்வயதுத் தாய்மார் பலர். பதினேழு வயதுக்காரி ஒருத்தி, குழந்தை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். தன் முகவாயைக் குழந்தையின் தலைமேல் வைத்துக்கொண்டு, அது மூச்சை நிறுத்துகிற மாதிரி இருந்தால் உள்ளங்காலைச் சுண்டுவிரலால் தடவுவாள். ஒரு தடவைதான் காட்டிக்கொடுத்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த முப்பது வயதுக்காரிக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். தலைமைச் செவிலியர் வந்து பார்த்துவிட்டு, “இங்க யாரு ஸ்டாஃப்?” என்று கேட்டபோது வார்டே சிரித்தது.

23 பிப்ரவரி

ஸ்காட்லாந்து ஆய்வின் மறுபாதியைச் சொல்லாமல் விட்டிருந்தேன், முக்கியமானதே அதுதான். முதல் பிரசவத்தில் வித்தியாசம் இல்லை. பத்தொன்பதுக்குள் *இரண்டாவது* குழந்தை பெற்றவர்களிடம் நிலைமை தலைகீழ். 33 வாரத்துக்கு முன்பே குறைமாதமாகப் பிறப்பது 2.5 மடங்கு, வயிற்றிலேயே இறப்பது 2.6 மடங்கு.

உடம்பு தேறுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருத்தரிப்புக்குக் குறைந்தது 24 மாதம் விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நாங்களோ முதல் குழந்தையோடு அவளை வீட்டுக்கு அனுப்பும்போது தடுப்பூசி அட்டை கொடுக்கிறோம், தாய்ப்பால் பற்றிச் சொல்கிறோம், அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது பற்றி வாயைத் திறப்பதில்லை. “சின்னப் பெண்ணிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது” என்கிறார்கள். குழந்தை பெற்ற பெண்ணிடம்! கையில் பொருத்தும் இம்ப்ளான்ட், காப்பர் டி என்று அவள் தினம் நினைவில் வைக்கத் தேவையில்லாத வழிகள் இருக்கின்றன. அவள் விரும்பினால் வீட்டுக்குப் போகுமுன்பே செய்துகொள்ளலாம். கேட்பதே நம் கடமை, முடிவு அவளுடையது.

27 பிப்ரவரி

என்ன செய்தால் மாறும்? எளிய பதில் இல்லை. இங்கிலாந்தில் 19 வயதும் அதற்குக் கீழுமான முதல்முறைத் தாய்மார் 1,645 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2016இல் முடிவு வந்தது. கர்ப்பத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயதாகும் வரை பயிற்சி பெற்ற செவிலியர் வீடு தேடிப் போனார். பிறப்பு எடை, புகைபிடித்தல், இரண்டு வருடத்துக்குள் அடுத்த கர்ப்பம் எதிலும் மாற்றமில்லை. குழந்தையின் பேச்சு வளர்ச்சியில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம். செவிலியராக எனக்கு அது கசப்பான முடிவுதான்.

அமெரிக்காவில் 14 முதல் 25 வயதுப் பெண்கள் 1,047 பேரிடம் வேறு ஒன்றைச் சோதித்தார்கள். ஒரே மாதத்தில் பிரசவம் ஆக வேண்டிய பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒன்றாகவே பரிசோதனை, ஒன்றாகவே பேச்சு. தங்கள் பிரஷரைத் தாங்களே பார்த்து எழுதிக்கொள்வார்கள். 2007இல் வந்த முடிவில் குறைமாதப் பிரசவம் 13.8 சதவீதத்திலிருந்து 9.8 ஆகக் குறைந்திருந்தது. ஒரே ஆய்வை வைத்து அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் தன் வயதுக்காரிகள் நடுவில் உட்காரும் பெண் அடுத்த தடவையும் வருவாள் என்பதை நான் நம்புகிறேன்.

3 மார்ச்

தன் தங்கைக்குப் பதினேழு வயது, ஐந்து மாதக் கர்ப்பம், நேற்றுத்தான் வீட்டில் சொன்னாள் என்று எழுதியவருக்கு.

நேரம் இருக்கிறது. முதல் வேலையாக இந்த வாரமே அவளைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். திட்டுவதற்கு ஆள் நிறைய இருப்பார்கள், நீங்கள் கூடப் போங்கள். 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் விரிவான ஸ்கேன் இன்னும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை உடனே. பால்வினைத் தொற்றுகளுக்கான சோதனையும் கேளுங்கள், வெட்கப்படாமல். ஒவ்வொரு தடவையும் பிரஷர் பார்த்தார்களா, சிறுநீர் சோதித்தார்களா என்று நீங்களே கவனியுங்கள். 140க்கு 90ஐத் தொட்டால் அடுத்த முறை பார்க்கலாம் என்று விட்டுவிட்டு வராதீர்கள். மருத்துவரோடு அவள் தனியாகப் பேசவும் நேரம் விடுங்கள்.

விடாத தலைவலி, கண் மங்குவது, வலது விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, ரத்தப்போக்கு, நீர் கசிவது, குழந்தையின் அசைவு குறைவது: இதில் எது வந்தாலும் நடுராத்திரி என்றாலும் கிளம்பிவிட வேண்டும். இதை அவளிடமே சொல்லுங்கள், வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். குழந்தை பிறந்த பிறகும் பிரஷர் ஏறலாம், அதனால் முதல் சில வாரங்களுக்கும் இதே கணக்குத்தான். பிரசவத்துக்குப் பின் அவள் தூங்காமல், பேசாமல், குழந்தையைப் பார்க்காமல் இருந்தால் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இளம் தாய்மாரிடம் மனச்சோர்வு அதிகம், அதற்கு வைத்தியம் உண்டு.

பள்ளிக்கூடம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவள் திரும்பப் போக விரும்பினால் அதற்கான பேச்சை இப்போதே தொடங்குங்கள். ஸ்கேன் முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.